நாலு முடிச்சு இடம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. நம்பாதவர்களுக்காக, அந்தச் சிறு நகரத்துப் பழைய தேவாலயத்தின் மணிமேல் கைவைத்துச் சத்தியம் செய்துதான் இது சொல்லப்படுகிறது. ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. குறைந்தது காவலரின் இடம் மட்டும்தான். அது எப்படிக் குறைந்தது என்பதுதான் விஷயம்.

காவலர் என்றால் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தின் காவலர். வயது எழுபத்திரண்டு. ஊரில் அவருக்கு 'அரைக்கண்' என்று பெயர். தூங்கும்போதும் ஒரு கண்ணைப் பாதிதான் மூடுவார். நாற்பத்தாறு வருட வேலையில் அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு செங்கல்கூடக் காணாமல் போனதில்லை. அப்படியும் அவர் யாரையும் நம்பியதில்லை. தபால்காரர் சைக்கிளை மதிலோரம் சாய்த்தால், ஊரில் இத்தனை மதில் இருக்க இந்த மதில் எதற்கு என்று யோசிப்பார். இரண்டு காகங்கள் ஒரே சிலுவையில் உட்கார்ந்தால் அருகில் போய் நின்றுகொள்வார். எதிரே வருகிறவர் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால், "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்பார்.

தோட்டம் இருநூறு வருடத்துக்கு மேல் பழையது. நானூற்றுச் சொச்சம் கல்லறைகள். கப்பலைவிட்டு இறங்கிய ஒன்பதாம் நாளே காய்ச்சலில் போன பொறியாளர், மூன்று மனைவிகளுக்கு நடுவில் மல்லாந்திருக்கும் நீதிபதி, பாசி தின்று பெயரே இல்லாமல் போனவர்கள் என்று எல்லாரும் உண்டு. தெற்கு மதிலோரம் கடைசி வரிசை. அங்கேதான் பதினோரு வருடத்துக்கு முன் காவலரின் மனைவியை அடக்கம் செய்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு வெறும் புல்தரை. அது காவலருக்கு. அதற்கு அந்தப் பக்கம் ஏழு வருடத்துக்கு முன் வந்து சேர்ந்த தையல்காரர். வாழ்நாளில் எதற்கும் ஆசைப்படாத காவலர், வாய்விட்டுக் கேட்டு வாங்கியது அந்த ஒரு துண்டுப் புல்தரையைத்தான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், பழங்காலச் சின்னங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாதிரியார் அதைக் காவலருக்குப் படித்துக் காட்டினார். தோட்டம் இனிமேல் பாதுகாக்கப்பட்ட சின்னம். புதிதாக யாரையும் அடக்கம் செய்யக்கூடாது. ஏற்கெனவே ஒதுக்கிவைத்த இடம் இருந்தால், அது மூன்றடி அகலமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவேட்டில் குறித்த அளவாவது சரியாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடம் புல் விதைத்து மூடப்படும். நான்கு மாதத்தில் அதிகாரி நேரில் வந்து அளப்பார்.

"மூடிட்டா நான் எங்க ஃபாதர் போறது?"

"புது மயானம் இருக்கே. கல்குவாரிப் பக்கம்."

"ஆறு கிலோமீட்டர்."

"போய்ட்டா தூரம் தெரியாது."

"எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியுமே?" என்றார் காவலர்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். 'தெற்கு மதில் வரிசை, காவலருக்கு, மணிக்கயிற்றில் நாலு முடிச்சு' என்று எழுதியிருந்தது. அந்தத் தேவாலயத்தில் ஆரம்பத்திலிருந்தே அதுதான் வழக்கம். மணிக்கயிறு தேய்ந்து புதுக்கயிறு மாட்டும்போது, பழைய கயிற்றைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். சாணுக்கொரு முடிச்சுப் போட்டு அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். துக்கமணி அடித்துத் தேய்ந்த கயிறே இடமும் அளக்க வேண்டும் என்பது முதல் பாதிரியார் போட்ட ஏற்பாடு. டேப் வந்த பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. மாற்றலாம் என்று சொன்னவர்களையும் அதே கயிற்றால்தான் அளந்து இறக்கினார்கள்.

காவலர் கயிற்றை எடுத்துப்போய் அன்றே அளந்தார். நாலு முடிச்சு. கச்சிதம். நெஞ்சில் கைவைத்து ஒரு பெருமூச்சு விட்டார். இருந்தாலும் அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை உச்சிவெயிலில் மறுபடியும் அளந்தார். ஒரு விரற்கடை குறைந்தது. கையில் நடுக்கம் என்று நினைத்தார். மூன்றாம் மாதம் இரண்டு விரற்கடை. அப்போதுதான் அவர் அரைக்கண்ணை முழுக்கண்ணாகத் திறந்து தையல்காரரின் கல்லைப் பார்த்தார்.

நேராகப் பாதிரியாரிடம் போனார்.

"ஒரு புகார் ஃபாதர்."

"யார் மேல?"

"தையல்காரர் மேல."

"அவர் செத்து ஏழு வருஷம் ஆச்சேப்பா."

"அதான் ஃபாதர் தைரியம் வந்திருச்சு. மாசத்துக்கு ஒரு விரற்கடை நகர்றார்."

பாதிரியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தப் பக்கமா?"

"வேற எந்தப் பக்கம்? எங்க வீட்டம்மா இருக்கிற பக்கம்தான்."

"ஜெபம் பண்ணுவோம்."

"நீங்க பண்ணுங்க. நான் காவல் இருக்கேன்."

காவலரின் சந்தேகம் ஒருநாள் இருநாள் சந்தேகமல்ல. நாற்பத்து மூன்று வருடமாக அடைகாத்தது. அதற்கு அவரிடம் இரண்டு சாட்சியங்கள் இருந்தன. முதலாவது, கல்யாண உடை. அவர் மனைவி கல்யாணத்துக்கு உடுத்திய வெள்ளை உடையைத் தைத்தவர் இந்தத் தையல்காரர். இழுத்துப் பிடிக்கவும் இல்லை, தொளதொளக்கவும் இல்லை, ஊரே வாய்பிளந்தது. அன்று சாயங்காலம் காவலர் பேச்சுவாக்கில், "எத்தனை தடவை அளவு கொடுத்தே?" என்று கேட்டார். "அளவே எடுக்கலை. துணியைக் கொடுக்கும்போது ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான்" என்றாள் புதுப்பெண், சிரித்துக்கொண்டே. ஒரு பார்வையில் இடுப்பளவு தெரிந்தால் அது என்ன பார்வை? காவலர் அதை வெளியே கேட்கவில்லை. உள்ளே கேட்பதை நிறுத்தவும் இல்லை.

இரண்டாவது, தூக்குவாளி. கல்யாணமாகிப் பன்னிரண்டாம் வருடம் ஒரு பெருமழை. ஐந்து நாள் சூரியனையே பார்க்க முடியவில்லை. அதில் இரண்டு நாள், காலையும் மாலையும், அவர் மனைவி தூக்குவாளியில் சாப்பாட்டை மூடி எடுத்துக்கொண்டு குடையோடு தேவாலயத்துப் பக்கம் போனாள். காலி வாளியோடு திரும்பி வந்தாள். "யாருக்கு?" என்றால், "பசிச்சவங்களுக்கு" என்றாள். தேவாலயத்துக்கு எதிரே தையல்கடை. தையல்காரருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. போதாதா?

இப்போது மூன்றாவது சாட்சியமும் மண்ணிலிருந்தே கிடைத்துவிட்டது. நான்காம் மாத அளவில் மூன்று விரற்கடை குறைவு. அதிகாரி வர எட்டே நாள்.

காவலர் ஒரு வாளிச் சுண்ணாம்புத் தூளைக் கொண்டுவந்து, தையல்காரரின் கல்லைச் சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்குத் தூவினார். ஆள் எழுந்து நடந்தால் அடி பதியும் அல்லவா? ஐந்து நாளும் ஒரு நத்தையின் தடம்தான் கிடைத்தது. அந்த நத்தை தையல்காரர் பக்கமிருந்து தன் மனைவி பக்கமாகப் போயிருந்ததால், அதையும் பிடித்து மதிலுக்கு வெளியே விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் போய்ப் பார்த்தால், சுண்ணாம்பில் செருப்புத் தடம். சின்னக் கால். தையல்காரர் கல்லருகே நின்று, புல்தரையைத் தாண்டி, நேராகக் காவலரின் மனைவி கல் வரைக்கும் போயிருந்தது. தடத்தின் கடைசியில், செருப்பின் மேலேயே, தையல்காரரின் மனைவி நின்றிருந்தாள். ஒரு கையில் கத்தரிக்கோல்.

"தையல்காரம்மா! என்ன நடக்குது இங்க?"

அவள் திரும்பினாள். எழுபதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு, ஊசியில் நூல் கோக்க இன்னும் கண்ணாடி தேவைப்படாத கண். "அதைத்தான் நான் கேக்கணும், காவக்காரரே. வாங்க, வந்து பாருங்க உங்க வீட்டம்மா செய்ற வேலைய!"

காவலரின் மனைவி கல்லருகே அவரே நட்ட நீலப்பூக்கொடி ஒன்று உண்டு. அது புல்தரையைக் கடந்து ஊர்ந்து, தையல்காரரின் கல்லில் ஏறி, அவர் பெயருக்கு மேலே ஒரு பூவும் பூத்திருந்தது.

"ஏழு வருஷமா நான் வாராவாரம் மாலை கொண்டுவந்து வைக்கிறேன். இவங்க படுத்துக்கிட்டே பூ அனுப்புறாங்களே!"

"கொடின்னா படரத்தான் செய்யும்."

"இத்தனை பக்கம் இருக்கு. மதில் பக்கம் படர வேண்டியதுதானே? உயிரோட இருந்தப்பவே இவர், 'அந்தம்மா உடம்புக்கு எந்தத் துணியும் நிக்கும்'னு ஒருதரம் சொன்னார். நான் மறக்கலை."

"சொன்னானா?" காவலருக்குக் காது சூடேறியது. "எப்பச் சொன்னான்? எந்த வருஷம்?"

"உங்க கணக்கை அப்புறம் வச்சுக்கோங்க. உங்க வீட்டம்மா இந்தப் பக்கம் நகர்றாங்க. நான் கொடியை வெட்டப்போறேன்."

"வாயைக் கழுவுங்க. நகர்றது உங்க வீட்டுக்காரர். நாலு மாசமா அளந்துக்கிட்டு வர்றேன். மூணு விரற்கடை!"

"யாரு, எங்க வீட்டுக்காரரா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாப்பிடக் கூப்பிட்டா மூணு தரம் கத்தணும், மிஷினை விட்டு எழுந்திரிக்க. அவராவது நகர்றதாவது!"

அவள் கழுத்தில் தொங்கிய துணிடேப்பை உருவினாள். தையல்காரர் விட்டுப்போனது, தோள்பட்டைத் துண்டுபோல எப்போதும் அவள் கழுத்திலேயே கிடக்கும். கல்லுக்குக் கல் நீட்டிப் பிடித்தாள். "முப்பத்தஞ்சு அங்குலம். அவருக்குக் கல் நட்டப்பவும் இதே முப்பத்தஞ்சு. இதோ, டேப்புல அன்னிக்கே மையால புள்ளி வச்சிருக்கேன். எம் புருஷன் ஒரு நூல் நகரலை."

காவலர் குனிந்து புள்ளியைப் பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தார். புள்ளி பழையது. முப்பத்தைந்தில்தான் இருந்தது.

"அப்ப என் கயிறு?"

"உங்க கயிறு யார்கிட்ட இருக்கு?"

கயிறு மணிக்கூண்டுக்குக் கீழே ஆணியில் தொங்கும். மணிக்கூண்டுச் சாவி மணிக்காரரிடம். மணிக்காரர் காவலரின் மனைவிக்குத் தம்பி. தையல்காரர் போன அன்று காவலர் காய்ச்சலில் கிடந்தார். இடம் அளந்து விட்டவரும் அதே மைத்துனர்தான். இத்தனை நாளாக இது எப்படித் தோன்றாமல் போனது என்று காவலர் தன்மேலேயே சந்தேகப்பட்டார்.

இருவரும் மணிக்கூண்டுக்குப் போனபோது மணிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, எந்திரி. எத்தனை முடிச்சை அவுத்துக் கட்டினே?"

"எந்த முடிச்சு மாமா?"

"நடிக்காதே. மழைக்காலத்துல நாலு முடிச்சு இருந்த இடம் இப்ப மூணே முக்கால். தையல்காரம்மா டேப்புல ஒரு நூல் மாறலை. கயிறுதானே மாறியிருக்கு?"

மணிக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "கயிறு மாறத்தான் மாமா செய்யும். மழையில நனைஞ்சா சுருங்கும், வெயில்ல காஞ்சா நீளும். கயிறு நீண்டா முடிச்சுக்கு முடிச்சு தூரமாகும். அதால அளந்தா இடம் குறைஞ்சமாதிரிதான் தெரியும். மணியடிக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வானே. இந்த ஸ்டூல் எதுக்குன்னு நினைச்சீங்க? மழைக்காலத்துல கயித்து நுனி மேல போயிரும். எட்டாது. ஏறி நின்னுதான் அடிப்பேன்."

அந்த ஸ்டூலைக் காவலர் முப்பது வருடமாகப் பார்த்துவருகிறார். ஜன்னல் வழியாகத் தோட்டத்தை வேவு பார்க்கத்தான் போட்டிருக்கிறான் என்று முடிவுகட்டி வைத்திருந்தார்.

"தையல்காரரை இறக்கினன்னிக்கு..."

"கொட்டோ கொட்டுன்னு மழை. கயிறு சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. நாலு முடிச்சு அளந்துதான் உங்களுக்கு விட்டேன். இம்மி ஏமாத்தலை."

"சுருங்குற கயித்துல நாலு முடிச்சு!"

"இதுக்கே இப்படிச் சொல்றீங்களே. அந்தப் பெருமழை வருஷம் என்ன ஆச்சு தெரியுமா?" மணிக்காரர் செருப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "சொல்லக்கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கியிருந்துச்சு. இப்பத்தான் அக்காவே இல்லையே. அன்னிக்குக் கயித்தைக் கையில ரெண்டு சுத்துச் சுத்திக்கிட்டு அடிச்சுக்கிட்டிருந்தேன். மழை பிடிச்சுக்கிச்சு. கயிறு சுருங்கிச் சுருங்கி என்னையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு. ரெண்டு நாள் மாமா! மணிக்குக் கீழ வௌவால் மாதிரி தொங்கினேன். வெளிய தெரிஞ்சா ஊர் சிரிக்கும், எனக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டிருந்த நேரம். அக்காதான் காலையும் மாலையும் தூக்குவாளியைக் கம்பு நுனியில மாட்டி மேல நீட்டும். மூணாம் நாள் வெயில் வந்துச்சு. கயிறு நீண்டு, என்னைப் பக்குவமாத் தரையில இறக்கிவிட்டுச்சு."

காவலர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த இரண்டு நாளும் மணி நேரங்காலமில்லாமல் டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்ததும், காற்றில் ஆடுகிறது என்று ஊரே பேசிக்கொண்டதும் அவருக்கு ஞாபகம் வந்தது.

"தூக்குவாளி உனக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"பின்ன யாருக்கு?"

காவலர் எழுந்து ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். இப்போது எல்லாமே வேறாகத் தெரிந்தது. வறட்சி வருடத்தில் போன பழைய நகரசபைத் தலைவருக்கு ஏன் புரண்டு படுக்கிற அளவுக்கு இடம், அடைமழையில் அடுத்தடுத்துப் போன அக்கா தங்கை இருவருக்கும் ஏன் தோளோடு தோள் இடிக்கிற நெரிசல் என்று புரிந்தது. இருநூறு வருடமாக ஊர் செத்தவர்களை வானிலை பார்த்து அளந்திருக்கிறது. வசதியாகப் படுக்க நினைப்பவர்கள் கோடையில் போயிருக்க வேண்டும்.

ஆனால் புரிந்து என்ன பயன்? வருகிற அதிகாரி இரும்பு டேப் கொண்டுவருவார். முப்பத்தைந்து அங்குலம், மூன்றடிக்கு ஒன்று குறைவு. பதிவேட்டுப்படி பார்த்தால் நாலு முடிச்சு. காய்ந்த கயிற்றில் அதுவும் வராது. எப்படிப் பார்த்தாலும் கல்குவாரிதான்.

"விடுங்க தையல்காரம்மா" என்றார். "உங்களுக்கென்ன, உங்க இடம் அவருக்கு அந்தப் பக்கம், நாலடி. புல்லு விதைச்சிட்டுப் போகட்டும்."

"விட்றதா?" அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணே, நல்லா யோசிச்சுப் பாருங்க."

கோபத்தில் காவக்காரர், காரியத்தில் அண்ணன் என்பது அவள் வழக்கம். காவலர் உஷாரானார்.

"நீங்க குவாரிக்குப் போயிட்டா, இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல யாரு? வெறும் புல்லு. அப்புறம் கொடி என்ன, மரமே வளரும். நடுவுல நீங்க வந்து படுத்தாத்தான் எனக்கு நிம்மதி. நாப்பத்தாறு வருஷம் காவல் காத்தவர், கொஞ்சம் கூடக் காக்க மாட்டீங்களா?"

"இடம் இல்லையேம்மா!"

"கயித்தை நனைங்க."

செருப்பை எடுக்கக் குனிந்த மணிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"புதுத்துணியைத் தண்ணியில போட்டுச் சுருக்காம எந்தத் தையல்காரன் வெட்டுவான்?" என்றாள் அவள். "ரெண்டு நாள் ஊறட்டும். நிழல்ல வைங்க. பிழியாதீங்க."

வீட்டுத் தொட்டியில் ஊறவைத்தால் அக்கம்பக்கம் கேள்வி கேட்கும். அதனால் தேவாலயத்துக்குள் மூலையில் இருந்த பழைய ஞானஸ்நானத் தொட்டியில் கயிற்றைச் சுருட்டிப் போட்டார்கள். மறுநாள் பாதிரியார் அதன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் காவலரைக் கூப்பிட்டார்.

"இது என்னப்பா?"

"கயிறு ஃபாதர்."

"கயிறுன்னு தெரியுது. இதுக்குள்ள என்ன பண்ணுது?"

"இருநூறு வருஷமா இங்க வேலை பார்த்த பரம்பரை. ஒரு கயித்துக்காவது ஞானஸ்நானம் ஆகியிருக்கா?"

பாதிரியார் கயிற்றைப் பார்த்தார். காவலரின் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே தெற்கு மதிலையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மூடியை மெதுவாகப் பழையபடி வைத்தார். "நான் இன்னிக்கு இந்தப் பக்கம் வரலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தாள். முப்பது வயதிருக்கும். வெயில்தொப்பி, பை, கையில் இரும்பு டேப். ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு, உச்சிவெயிலுக்குத் தெற்கு மதிலுக்கு வந்து சேர்ந்தாள். காவலர் அவளையும் சந்தேகத்தோடுதான் பின்தொடர்ந்தார். டேப்பின் நுனியை அவர் கண் விடவே இல்லை.

"ரெண்டு அடி, பதினோரு அங்குலம்" என்றாள் அதிகாரி. "ஒரு அங்குலம் குறையுதே ஐயா."

"பதிவேட்டைப் பாருங்க மேடம்."

பாதிரியார் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். அதிகாரி இரண்டு தடவை படித்தாள். "மணிக்கயிற்றில் நாலு முடிச்சு. சரி. கயிறு இருக்கா?"

மணிக்காரர் ஈரச்சாக்கில் சுற்றிய கயிற்றைக் கொண்டுவந்தார். கயிறு பாம்புபோல் விறைத்து நின்றது. காவலர் ஒரு முனையைத் தன் மனைவியின் கல்லில் வைத்துப் பிடித்தார். மறுமுனையைத் தையல்காரரின் மனைவி இழுத்தாள். மணிக்காரர் எண்ணினார். நாலாவது முடிச்சு வந்த பிறகும் இரண்டு விரற்கடைப் புல் மிச்சமிருந்தது.

"கயிறு ஏன் ஈரமா இருக்கு?" என்றாள் அதிகாரி.

தையல்காரரின் மனைவிதான் முந்திக்கொண்டாள். "இந்த வரிசையில கடைசியா அளந்தப்ப மழை, மேடம். அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்ல? பழைய சின்னம்னா எதையும் மாத்தக்கூடாதுன்னு நீங்கதானே கடிதாசி போட்டீங்க?"

அதிகாரி அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். உதட்டோரம் ஏதோ வந்து, அடங்கியது. 'பதிவேட்டு அளவு சரி. இடம் செல்லும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எல்லாரும் போன பிறகு இரண்டு பேர் மட்டும் வரிசையில் நின்றிருந்தார்கள். காவலர் தன் புல்தரையைப் பார்த்தார். சட்டென்று அடுத்த சந்தேகம் எழுந்தது.

"கயித்துக்குச் சரி. நான் பிடிப்பேனா இதுல?"

தையல்காரரின் மனைவி ஒருதரம் அவரைப் பார்த்தாள். "தோளுக்குத் தோள் பதினேழரை அங்குலம். பெட்டியோட சேர்த்தாலும் தாராளம்ணே."

காவலர் அப்படியே நின்றார். "டேப்பு கழுத்துல கிடக்கு. அளக்கவே இல்லையே?"

"எதுக்கு அளக்கணும்? கண்ணுல தெரியாதா? எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது. அவர் ஒருதரம் பார்த்தா பாதிரியார் அங்கிக்கும் அளவு சொல்வார், மாட்டுவண்டி மூடாக்குக்கும் சொல்வார். அந்த வித்தைக்கு ஆணும் பொண்ணும் ஒண்ணுதான், குதிரையும் ஒண்ணுதான்."

அவள் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். கொடியை வெட்டவில்லை.

காவலர் வெகுநேரம் மனைவியின் கல்லருகே உட்கார்ந்திருந்தார். கல்யாண உடையும் போயிற்று, தூக்குவாளியும் போயிற்று. நாற்பத்து மூன்று வருடச் சாட்சியங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. பிறகு குனிந்து, தையல்காரரின் கல்லிலிருந்து கொடியைப் பூ உதிராமல் பிரித்தெடுத்து, தன் புல்தரைமேல் திருப்பிவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிப் படு" என்றார். நாற்பத்தாறு வருடத்தில் முதல்முறையாக அன்று மத்தியானம் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கினார்.

அந்தத் தேவாலயத்தில் கட்டிய நாள் முதல் இன்றுவரை மணி கிடையாது; வாசல் மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் தட்டித்தான் பூசைக்குக் கூப்பிடுகிறார்கள்.